இரண்டு மணிக்கு நடுராத்திரி

2019-ஆம் ஆண்டு, கார்த்திகை மாதம். பகல் பதினோரு மணிக்கு எங்கள் வார்டுக்காரர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். "சூரியனுக்கே விளக்குப் பிடிக்கிறீர்களா?" என்று கேட்டார். போய்ப் பார்த்தேன். சாலை நெடுக 38 எல்.இ.டி. விளக்குகள் வெயிலில் எரிந்துகொண்டிருந்தன. அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. அன்று இரவு சரியாக எட்டு மணிக்கு அத்தனையும் ஒன்றாக அணைந்தன. மறுநாள் காலை எட்டு மணிக்கு, பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிளம்பும் நேரத்தில், மறுபடியும் எரிந்தன.

அந்த விளக்குகளை இயக்கும் பெட்டியைப் பற்றி எனக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்திருந்தார்கள். சான்றிதழ்கூட உண்டு. என் மனைவி அதைச் சட்டம் போட்டு சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தாள். பெட்டியின் கதவைத் திறந்து அதன் முன்னால் நின்றபோது, கோயிலில் சமஸ்கிருத மந்திரம் கேட்டு நிற்பவன் மாதிரி நின்றேன். ஏதோ நடக்கிறது என்று தெரிந்தது. என்ன நடக்கிறது என்று தெரியவில்லை.

நான் 1994-இல் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவு முடித்தவன். அன்றிலிருந்து தெருவிளக்கு வேலைதான். முதலில் ஹெல்பர், பிறகு வயர்மேன், இப்போது எட்டுப் பேர் கொண்ட குழுவுக்கு மேற்பார்வையாளர். ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்தப் பெட்டிகள் வந்தது மத்திய அரசின் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில். அதில் தமிழ்நாட்டில் 11 நகரங்கள் தேர்வாகின: சென்னை, கோவை, மதுரை, தஞ்சாவூர், சேலம், வேலூர், திருச்சி, திருநெல்வேலி, தூத்துக்குடி, திருப்பூர், ஈரோடு. இதில் தெற்கே உள்ள ஏதாவது ஒன்றை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கும் நான் அதே அலுவலக வாசலில்தான் டீ குடிக்க வேண்டும்.

பழைய வேலை எப்படி இருந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய சாலைகளில் 250 வாட் சோடியம் விளக்கு. சந்துகளில் 40 வாட் டியூப் லைட். சோடியம் விளக்கு எரியவில்லை என்றால் மூன்று இடம்தான்: பல்பு, சோக், இக்னைட்டர். ஏணியில் ஏறியதும் சோக்கின் மீது கையை வைத்தால் சூட்டிலேயே பாதி தெரிந்துவிடும். மின்சாரம் போய் வந்தால் அந்த விளக்கு உடனே எரியாது. சூடு ஆறச் சில நிமிடம் ஆகும், பிறகு மெல்லச் சிவந்து, மஞ்சளாகி, முழு வெளிச்சத்துக்கு வர இன்னும் சில நிமிடம். புதிதாக வருகிற பையன்கள் அது தெரியாமல் பல்பைக் கழற்றிவிடுவார்கள். இதையெல்லாம் எங்களுக்கு எந்த வகுப்பிலும் சொல்லித் தரவில்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றபோது மேலே இருந்தவர் திட்டித் திட்டிக் கற்றுக்கொடுத்தது.

விளக்குகளைப் போடுவதும் அணைப்பதும் ஆள் வேலை. மாலையில் ஒருவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புவார். முப்பது, நாற்பது இடங்களில் ஸ்விட்ச் பெட்டி இருக்கும். ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போவார். விடியற்காலையில் அதே வழியில் அணைத்துக்கொண்டே வருவார். எங்கள் பகுதியில் அந்த வேலையைச் செய்தவரை நாங்கள் அண்ணாச்சி என்று கூப்பிடுவோம். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். கார்த்திகையில் சீக்கிரம் இருட்டும், ஆனியில் தாமதமாக இருட்டும், இரண்டுக்கும் முக்கால் மணி நேரம் அளவுக்கு வித்தியாசம் உண்டு என்பதை எந்தப் பஞ்சாங்கமும் பார்க்காமல் சைக்கிள் மிதியிலேயே வைத்திருந்தார். மழை பெய்தால் எந்தக் கம்பத்தில் மின்சாரம் கசியும், எந்தப் பெட்டிக்குள் பாம்பு படுக்கும், எந்த வீட்டுக்காரர் தெருவிளக்குக் கம்பியில் கொக்கி போடுவார் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்த வரைபடம்.

புதுப் பெட்டி வந்ததும் முதலில் போன வேலை அவருடையதுதான்.

பெட்டி செய்வது இதுதான். உள்ளே ஒரு மின்சார மீட்டர், ஒரு காண்டாக்டர் (எல்லா விளக்குகளுக்கும் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ஸ்விட்ச்), ஒரு சிறு கணினி, அதில் ஒரு சிம் கார்டு. ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்து அன்றைய சூரிய அஸ்தமன நேரத்தைக் கணினி தானே கணக்குப் போடும். நேரம் வந்ததும் காண்டாக்டரை இழுத்துவிடும், விளக்குகள் எரியும். எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர், எத்தனை யூனிட் என்று கட்டுப்பாட்டு மையத்துக்கு சிம் வழியாகச் செய்தி அனுப்பும். 250 வாட் சோடியம் இருந்த இடத்தில் 120 வாட் எல்.இ.டி. போதுமானதாக இருந்தது. நல்ல திட்டம். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

பயிற்சிதான் கோளாறு. ஒரு ஓட்டலின் குளிரூட்டிய கூடத்தில் இரண்டு நாள். வெளிமாநிலத்தில் இருந்து வந்த இளம் பொறியாளர் ஆங்கிலத்தில் படம் போட்டுப் போட்டுப் பேசினார். பாவம், நல்ல பையன், ஒவ்வொரு படத்துக்கும் பிறகு "புரிந்ததா?" என்று தமிழில் கேட்கக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். நாங்களும் புரிந்தது என்றோம். "காண்டாக்டர் ஒட்டிக்கொண்டால் என்ன செய்ய வேண்டும்?" என்ற கேள்விக்கு எங்கள் ஆள் ஒருவர் எழுந்து, "காண்ட்ராக்டர் ஒட்டிக்கொண்டால் நாம் என்ன செய்ய முடியும், சார்? ஏலத்தில் எடுத்தவர் ஆயிற்றே" என்றார். கூடமே சிரித்தது. பொறியாளருக்கு மட்டும் ஏன் சிரிக்கிறோம் என்று தெரியவில்லை. அந்த இரண்டு நாளில் அதிகம் நினைவில் நின்றது அந்தச் சிரிப்பும் மதியச் சாப்பாடும்தான்.

திரையில் எந்தப் பொத்தானை அழுத்தினால் எந்தப் பக்கம் வரும் என்று காட்டினார்கள். பெட்டி ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்று யாரும் சொல்லவில்லை. கூடத்தில் ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். ஆனால் அதைத் திறக்கவில்லை. உத்தரவாதம் போய்விடுமாம். அண்ணாச்சியைப் போன்ற ஸ்விட்ச் போடும் ஆட்களை அந்தப் பயிற்சிக்குக் கூப்பிடவே இல்லை. இனி அவர்களுக்கு அங்கே என்ன வேலை?

கார்த்திகை மாதத்துப் பெட்டிக்குத் திரும்புகிறேன். பெட்டி கொடுத்த நிறுவனத்தின் உதவி எண்ணைக் கூப்பிட்டேன். "ரீசெட் செய்யுங்கள்" என்றார்கள். செய்தேன். இரண்டு நாள் கழித்து "சிம் கார்டை மாற்றுங்கள்" என்றார்கள். புது சிம் வாங்க ஒரு கடிதம், அதற்கு ஒரு கையெழுத்து, நான்கு நாள். மாற்றினேன். ஒன்றும் ஆகவில்லை. இதற்கிடையில் இரவில் சாலை இருட்டாகக் கிடக்கக் கூடாது என்பதற்காக, பெட்டியைத் தானியங்கியில் இருந்து கையால் இயக்கும் முறைக்கு மாற்றிவிட்டு அண்ணாச்சியைக் கூப்பிட்டோம். சாலைக் குப்பை அள்ளும் வேலைக்கு அவரை மாற்றியிருந்தார்கள். அந்த வேலையை முடித்துவிட்டு மாலையில் சைக்கிளில் வந்து ஸ்விட்சைப் போட்டார்; விடியற்காலையில் அணைத்தார். அறிவார்ந்த நகரத்தின் அறிவார்ந்த பெட்டி பதினோரு நாள் இப்படித்தான் ஓடியது.

பத்தாவது நாள் அவர் கேட்டார்: "தம்பி, இது எப்போது கோளாறு ஆனது?"

"செவ்வாய்க்கிழமை மாலையில் இருந்து, அண்ணாச்சி."

"செவ்வாய்க்கிழமை காலையில் மின் வாரியத்தில் பராமரிப்பு என்று நிறுத்தினார்களே. ஒன்பது மணிக்கு நிறுத்தி இரண்டு மணிக்குக் கொடுத்தார்கள். அன்றைக்கு ராத்திரி விளக்கு எட்டு மணிக்கு அணைந்தது. இரண்டில் இருந்து எட்டு, ஆறு மணி நேரம். விளக்கு எத்தனை மணிக்கு அணைய வேண்டும்?"

"காலை ஆறு மணிக்கு."

"அப்படியானால் மத்தியானம் இரண்டு மணியைத்தான் இந்தப் பெட்டி நடுராத்திரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறது."

நான் அங்கேயே கல்லில் உட்கார்ந்துவிட்டேன். அவர் சொன்னதுதான் சரி. மின்சாரம் போனபோது பெட்டியின் கடிகாரம் நின்றுவிட்டது. வந்தபோது பூஜ்யத்தில் இருந்து ஓடத் தொடங்கிவிட்டது. கடிகாரம் நிற்காமல் இருக்க உள்ளே பொத்தான் அளவில் ஒரு மின்கலம் உண்டு, கைக்கடிகாரத்தில் இருப்பது போல. அது செத்துப்போயிருந்தது. பெட்டிக் கடையில் கேட்டால்கூடக் கிடைக்கும் சரக்கு. அப்படியானாலும் சிம் வழியாக மையத்தில் இருந்து சரியான நேரம் வந்து கடிகாரம் தானே திருந்தியிருக்க வேண்டுமே? அதற்கான ஆன்டெனா கம்பியை எலி கடித்திருந்தது. இரண்டு கோளாறும் ஒன்றாக வந்ததால்தான் வெளியே தெரிந்தது. ஒன்று மட்டும் கெட்டிருந்தால், கெடாத மற்றொன்று அதை மூடி மறைத்திருக்கும். நான் பத்து நாளாக ரீசெட் செய்தபோதெல்லாம் அந்தக் கடிகாரத்துக்குப் புதிய நடுராத்திரி ஒன்றைத்தான் உண்டாக்கிக்கொண்டிருந்தேன்.

அன்றே கட்டுப்பாட்டு மையத்துக்குப் போனேன். அதுவரை நான் உள்ளே போனதில்லை. சுவர் முழுக்கத் திரை. டிப்ளமோ படித்த ஒரு பெண் அங்கே பணியில் இருந்தார். எங்கள் பெட்டியைக் காட்டச் சொன்னேன். வரைபடத்தில் அது சாம்பல் நிறத்தில் இருந்தது, அதாவது பெட்டியில் இருந்து செய்தியே வரவில்லை. "எத்தனை நாளாக இப்படி இருக்கிறது, அம்மா?" என்று கேட்டேன். ஒன்றரை மாதமாக என்றார். அப்படியானால் எலி கடித்தது கோளாறுக்கு வெகு நாள் முன்பே. "சிவப்பு வந்தால்தான் புகார் பதிய வேண்டும் என்று சொல்லித் தந்தார்கள், சார். சாம்பலுக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை." அவர் மீது தவறில்லை. அவர் வாழ்க்கையில் ஒரு பெட்டியைக்கூடத் திறந்து பார்த்ததில்லை. நான் ஒரு திரையைக்கூடப் பார்த்ததில்லை. இருவருக்கும் நடுவில் ஒரு எலி உட்கார்ந்திருந்தது.

அடுத்த வாரம் மேலதிகாரியிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, அந்தப் பெண்ணை ஒரு நாள் எங்கள் வண்டியில் அழைத்துப் போனேன். எங்கள் ஆட்களில் நான்கு பேர் ஒரு நாள் மையத்தில் போய் உட்கார்ந்தார்கள். ஒரு பைசா செலவில்லை. ஓட்டல் கூடத்து இரண்டு நாளைவிட இந்த இரண்டு நாளில் கற்றது பல மடங்கு. தெருவில் நிற்பவர்கள் பெட்டியின் எம்.சி.பி.யை (மின்சாரம் அளவை மீறினால் தானே விழுந்து துண்டிக்கும் ஸ்விட்ச்) கீழே தள்ளினால் அங்கே திரையில் என்ன நிறம் வருகிறது என்று தொலைபேசியில் கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டோம். அந்தக் காகிதம் இன்றும் எங்கள் ஸ்டோர் ரூம் சுவரில் ஒட்டியிருக்கிறது. உங்கள் ஊரில் இப்படி ஏதாவது திட்டம் நடந்தால், களத்தில் இருப்பவரையும் திரைமுன் இருப்பவரையும் ஒரு நாளாவது இடம் மாற்றி உட்கார வையுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

அந்தச் சம்பவத்தில் இருந்துதான் எங்கள் சனிக்கிழமை வகுப்பு தொடங்கியது. வகுப்பு என்று சொல்வதே கொஞ்சம் மிகை. சனிக்கிழமை எங்களுக்குக் கூலி நாள். எல்லோரும் ஸ்டோர் ரூமுக்கு வந்தே ஆக வேண்டும். கூலி கொடுப்பதற்கு முன்னால் அரை மணி நேரம். விபத்தில் லாரி இடித்து நசுங்கிய பெட்டி ஒன்று கிடந்தது. அதை மேசை மேல் வைத்தோம். இனி உத்தரவாதம் போகும் என்ற பயம் இல்லையே; ஆளாளுக்குக் கழற்றினார்கள்.

ஆரம்பத்தில் நான் செய்த தவறைச் சொல்ல வேண்டும். ஐ.டி.ஐ. ஆசிரியர் ஆகிவிட்ட நினைப்பில் ஓம் விதியில் இருந்து தொடங்கினேன். கரும்பலகை வாங்கினேன். முதல் வாரம் எட்டுப் பேர், இரண்டாம் வாரம் ஐந்து, நான்காம் வாரம் நானும் கரும்பலகையும். "கூலியை முதலில் கொடுத்துவிட்டு வகுப்பை வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஒருவர் சொன்னபோதுதான் உறைத்தது. அதன் பிறகு முறையை மாற்றினோம். அந்த வாரம் யார் எந்தப் பழுதைச் சரிசெய்தாரோ அவரே மேசைமுன் வந்து, என்ன பார்த்தேன், முதலில் என்ன நினைத்தேன், எங்கே தவறினேன் என்று சொல்ல வேண்டும். வாரத்துக்கு ஒரு பழுது மட்டும். நான் பேசக் கூடாது. கடைசி ஐந்து நிமிடம் மட்டும் அதன் காரணத்தை நான் சொல்வேன். எனக்கும் தெரியாவிட்டால் அடுத்த வாரத்துக்குள் கேட்டு வந்து சொல்வேன். ஓம் விதி அப்போதும் வந்தது. பழுதின் முதுகில் ஏறி வந்தது.

ஒரு பழுதைச் சொல்கிறேன். மாலையில் விளக்கு போடும் நேரத்தில் ஒரு பெட்டியில் எம்.சி.பி. விழுந்துகொண்டே இருந்தது. ஒரு ஃபேஸில் 13 விளக்குகள். கம்பியைக் கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டரில் 7 ஆம்பியர் அளவே ஓடியது. 10 ஆம்பியர் எம்.சி.பி. ஏன் விழ வேண்டும்? கணக்கு உதைத்தது. மழை இல்லை, கசிவு இல்லை. எங்கள் வழக்கப்படி 10-ஐக் கழற்றிவிட்டு 32 ஆம்பியர் எம்.சி.பி.யை மாட்டினோம். விழுவது நின்றுவிட்டது. செய்தது வேறு யாரும் இல்லை, நான்தான். கம்பத்துக்குள் ஏறும் சன்னக் கம்பி 32 ஆம்பியர் தாங்காது; ஏதாவது உரசியிருந்தால் எம்.சி.பி. விழுவதற்கு முன்னால் கம்பி எரிந்திருக்கும். ஒரு பள்ளிக்கூட வாசல் கம்பம் அது. இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

காரணம் பிறகுதான் தெரிந்தது. எல்.இ.டி. விளக்குக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் பகுதிக்கு டிரைவர் என்று பெயர். அதற்குள் மின்தேக்கிகள் இருக்கும். ஸ்விட்சைப் போட்ட அந்த ஒரு கணத்தில், கண் இமைப்பதற்குள், அவை வயிறு நிறைய மின்சாரத்தை இழுத்துக்கொள்ளும். பிறகுதான் 7 ஆம்பியருக்கு அடங்கும். நம் கிளாம்ப் மீட்டர் அந்தக் கணத்தைப் பிடிக்காது. 13 விளக்குகளும் ஒரே நேரத்தில் இழுத்தால் எம்.சி.பி. பயந்து விழுகிறது. அதே ஆம்பியரில், தொடக்க இழுப்பைத் தாங்கும் வகை எம்.சி.பி. தனியாக உண்டு, பழையதில் சி என்று எழுதியிருக்கும், அதில் டி என்று. அதை மாட்டினால் போதும். பழைய சோடியம் விளக்கில் வேலை பார்த்த அனுபவம் இந்த இடத்தில் எங்களைக் குழிக்குள் தள்ளியது. இருபது ஆண்டு கையில் ஊறிய பழக்கத்தை மறக்கச் சொல்வதும் ஒரு பயிற்சிதான். அது மிகக் கடினம், ஏனென்றால் அந்தப் பழக்கம்தான் அதுவரை அவனுக்குச் சோறு போட்டது.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. காண்டாக்டருக்கும் டிரைவருக்கும் தமிழ்ச் சொல் உண்டாக்கி எங்கள் ஆட்களிடம் கொடுத்தால் அது மூன்றாவது மொழியாகிவிடும். பொருளின் பெயர் பட்டறையில் எப்படி வழங்குகிறதோ அப்படியே இருக்கட்டும். ஆனால் ஏன், எப்படி, எதனால் என்பது தமிழில் வர வேண்டும். பழுது நோட்டு ஒன்று வைத்திருக்கிறோம், நூறு பக்க நோட்டு. இடது பக்கம் என்ன கண்டேன், வலது பக்கம் என்ன காரணம். எழுதத் தெரியாத இருவர் வாட்சப்பில் குரலாகப் பதிந்து அனுப்புவார்கள். என் மகள் கேட்டு எழுதித் தருவாள். நிறுவனத்தின் 140 பக்கக் கையேடு அலமாரியில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருக்கிறது. பழுது நோட்டு இப்போது நான்காவது ஓடுகிறது. அட்டை கிழிந்து, கிரீஸ் கறை படிந்து, ஒரு பக்கத்தில் யாரோ சீட்டுப் பணக் கணக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

நானும் மாணவன் ஆனேன். 45 வயதில் எக்செல் கற்றுக்கொண்டேன். ஐ.ஐ.டி.க்கள் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். இணையப் பாடங்கள் இலவசம் என்று மகள் காட்டினாள். மூன்று முறை சேர்ந்து மூன்று முறையும் பாதியில் நின்றேன். பாடம் அருமை, எட்டு மணி நேரம் ஏணியில் நின்றுவிட்டு வந்து உட்கார்ந்தால் ஐந்தாவது நிமிடத்தில் பேராசிரியர் குரல் தாலாட்டாகிவிடுகிறது. அதனால் வழியை மாற்றினேன். பாடத்தை முழுவதும் பார்ப்பதில்லை. அந்த வாரத்துப் பழுதுக்குத் தேவையான பத்து நிமிடத்தை மட்டும் தேடிப் பார்ப்பேன். சான்றிதழ் வராது. வேண்டிய விஷயம் வந்துவிடும்.

சான்றிதழே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எனக்கு நிரந்தர வேலை, அதனால் அப்படிப் பேச முடிகிறது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு அது வேறு கதை. தமிழ்நாட்டில் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை மின் கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு நடத்துகிறது. ஐ.டி.ஐ. படிக்காதவர்களும் எழுதலாம். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், வயரிங் வேலையில் 5 ஆண்டு அனுபவம் வேண்டும். உச்ச வயது வரம்பு கிடையாது. எங்கள் குழுவில் இருவர் எழுதித் தேறினார்கள். ஒருவருக்குத் தனியார் தொழிற்சாலையில் வேலை கிடைத்துப் போய்விட்டார். 'கற்றுக்கொடுத்தால் ஓடிவிடுவான்' என்று மேலே இருப்பவர்கள் சொல்வது அதனால்தான். ஓடட்டுமே. கற்றுக்கொள்ளாதவன் ஓடாமல் நம்மிடமே 32 ஆம்பியரை மாட்டிக்கொண்டு இருப்பதைவிட அது மேல்.

அண்ணாச்சியை அந்தத் தேர்வுக்கு அனுப்பப் பார்த்தேன். அனுபவச் சான்று வேண்டும். முப்பது ஆண்டு அனுபவம், யாரிடம் சான்று வாங்குவது? ஒப்பந்ததாரர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாறுகிறார். பழையவர்களில் ஒருவர் இறந்துவிட்டார், ஒருவர் தொழிலை விட்டுவிட்டார், ஒருவர் "என் பதிவேட்டில் அப்படி ஆளே இல்லை" என்றார். மத்திய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில், 2015-இல் தொடங்கியதே அதில், ஏற்கெனவே தொழில் தெரிந்தவர்களைச் சோதித்துச் சான்று தரும் பிரிவு உண்டு. முன்கற்றலை அங்கீகரிப்பது என்று பெயர். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஸ்விட்ச் போடுகிறவரின் அறிவுக்கு எந்தப் பாடத்திட்டத்தில் இடம்? மழைக்கு எந்தக் கம்பம் கசியும் என்ற கேள்வியை எந்தத் தேர்வுத்தாளில் கேட்பார்கள்?

ஆட்களுக்குக் கற்றுக்கொடுக்க ஆகும் செலவு என்ன என்று அடிக்கடி கேட்கிறார்கள். பெரும்பாலும் பயிற்சிக் கட்டணத்தை நினைத்துக் கேட்கிறார்கள். எங்கள் ஆட்களுக்குக் கட்டணம் ஒரு பொருட்டில்லை, அரசு வகுப்புகள் பலவும் இலவசம். ஒரு நாள் வகுப்புக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும். அதுதான் உண்மையான கட்டணம். என் மைத்துனர் சிங்கப்பூரில் குடியுரிமை பெற்றவர். அங்கே 2016-இல் இருந்து 25 வயதைத் தாண்டிய குடிமக்கள் ஒவ்வொருவர் பெயரிலும் படிப்புக்கென்று 500 வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) அரசு வரவு வைத்திருக்கிறது. 2024-இல் 40 வயதைத் தாண்டியவர்களுக்கு மேலும் 4,000 வெள்ளி. அந்தப் பணம் ஆளோடு போகிறது. முதலாளி மாறினாலும் மாறாது. அதே சிங்கப்பூரில் சாலை போடும் நம் ஊர்ப் பையன்களுக்கு அது இல்லை என்பதையும் அவரே சொன்னார். நம் ஊரில் வரவு வைக்கப் பணம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். பயிற்சி நாளுக்குக் கூலி உண்டு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதப் பேனா இருக்கிறதே.

ஒப்பந்தத்தைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. பெட்டி, கம்பி, கம்பம் எல்லாவற்றுக்கும் பக்கம் பக்கமாக விவரம் இருக்கும். பயிற்சிக்கு 'இரண்டு நாள் பயிற்சி அளிக்கப்படும்' என்று ஒரே வரி. அதுவும் பெட்டி மாட்டும்போதே முடிந்துவிடும், ஒருவருக்கும் ஒரு சந்தேகமும் வராத நேரத்தில். சந்தேகம் வருவது ஆறு மாதம் கழித்து, முதல் மழைக்குப் பிறகு. அடுத்தது ஐந்து ஆண்டு பராமரிப்பு முடிந்து நிறுவனம் ஊரைவிட்டுப் போகும்போது. எங்களுக்கு அப்படித்தான் ஆனது. 2024-இல் ஒரு நாள் மென்பொருளின் கடவுச்சொல் வேலை செய்யவில்லை. உதவி எண்ணை எடுக்க ஆளில்லை. பழுது நோட்டு இருந்ததால் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தெருவில் நின்றே ஓட்டினோம். ஸ்மார்ட் சிட்டி திட்டம் 2015 ஜூன் 25 அன்று தொடங்கி 2025 மார்ச் 31-உடன் முடிந்துவிட்டது. பெட்டிகள் முடியவில்லை, அவை இன்னும் கம்பத்தடியில் நிற்கின்றன. அவற்றுக்கு வயதாகிறது, எங்களுக்கும்தான். ஏலக் குறிப்பு எழுதும் இடத்தில் இருக்கும் யாராவது இதைப் படித்தால்: பயிற்சியை மூன்றாகப் பிரியுங்கள். மாட்டும்போது ஒரு நாள், முதல் மழைக்குப் பிறகு இரண்டு நாள், கைமாற்றிக் கொடுக்கும் ஆண்டில் ஒரு வாரம். பயிற்சிக்கென்று திறந்து கழற்ற ஒரு பெட்டியை இலவசமாகக் கேளுங்கள். கடவுச்சொல் யாரிடம் இருக்க வேண்டும் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அண்ணாச்சி இப்போது குப்பை அள்ளுவதில்லை. புது ஒப்பந்ததாரரிடம் சொல்லி அவரை எங்கள் குழுவில் 'உதவியாளர்' என்று சேர்த்தோம். கூலி கூடவில்லை. சனிக்கிழமை மேசையில் அவர்தான் தலைமை என்று யாரும் அறிவிக்கவில்லை; ஆனால் அவர் வந்து உட்காரும்வரை பெட்டியை யாரும் தொடுவதில்லை. கைபேசியில் பெட்டியின் விவரத்தைப் பார்க்கும் செயலியை அவருக்குச் சொல்லிக்கொடுத்தது கட்டுப்பாட்டு மையத்துப் பெண்தான். எண்களைப் படிப்பார். எழுத்தைப் பார்த்தால் கைபேசியைப் பையனிடம் நீட்டுவார். போன ஐப்பசி மழையில் ஒரு தெருவில் செயலி எல்லாம் பச்சை என்று காட்டியது. அவர் காதைப் பெட்டியின் தகட்டில் வைத்துக் கேட்டுவிட்டு, "காண்டாக்டர் நடுங்குகிறது, தம்பி. இன்னும் இரண்டு நாள் தாங்கும்" என்றார். இரண்டாவது நாள் இரவு அது ஒட்டிக்கொண்டது. மறுநாள் சனிக்கிழமை அதை மேசையில் பிரித்தபோது முனைகள் கருகி உருகியிருந்தன. பையன்கள் அவர் காதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தச் சத்தத்தைக் கைபேசியில் பதிந்து வைக்கலாமா என்று ஒருவன் கேட்டான். இப்போது நல்ல பெட்டி, நடுங்கும் பெட்டி என்று பதினேழு ஒலிப்பதிவுகள் எங்கள் குழுவில் இருக்கின்றன.

சென்ற மாதம் புதிய வகைப் பெட்டி ஒன்று வந்து இறங்கியிருக்கிறது. வேறு நிறுவனம், வேறு மென்பொருள். இந்தச் சனிக்கிழமை அதைத்தான் மேசையில் வைக்கப் போகிறோம். அதன் சாவி மட்டும் இன்னும் வரவில்லை.